திறந்தவெளி மழலையர் வகுப்புக்குப் பக்கத் துணி எதற்கு?

சென்ற வாரமும் வட சென்னை வியாசர்பாடியில் ஒரே மழலையர் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் அடுத்தடுத்துக் காய்ச்சலும் இருமலுமாகத் தண்டையார்பேட்டையிலுள்ள என் சிகிச்சையகத்துக்கு வந்தார்கள். "வெளியிலதான் டாக்டர் வகுப்பு நடக்குது, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று ஒவ்வொரு தாயும் கேட்டார். ஒருவரிடம், வகுப்பு நடக்கும் இடத்தைப் படமெடுத்திருந்தால் காட்டுங்கள் என்றேன். மேலே நீலத் தார்ப்பாய். மூன்று பக்கமும் தரை வரைக்கும் இறக்கிவிட்ட சாமியானாத் துணி. நான்காம் பக்கம் கட்டடச் சுவர். மூலையில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன். கதவு வைத்துப் பூட்டாததுதான் மிச்சம்.

கொரோனாவுக்காக மூடப்பட்ட மழலையர் பள்ளிகளை 2022 பிப்ரவரியில் திறக்க அரசு அனுமதித்தபோது, இயன்றவரை வெளியிலேயே வகுப்பு நடத்துங்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னவர்களில் நானும் ஒருவன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பேச்சும் விளையாட்டும் கூடிப் பழகுதலும் கைகூட வேண்டிய பிள்ளைகள், ஒற்றை அறை வீட்டில் கைப்பேசியோடு இரண்டு ஆண்டுகளைக் கழித்ததன் விளைவை நாள்தோறும் பார்த்தேன். எனவே வகுப்பை மூடுவதை நான் பாதுகாப்பு என்று ஏற்பதில்லை. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1904-இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கிலும், 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலும் நலிந்த பிள்ளைகளுக்கென்று திறந்தவெளிப் பள்ளிகளை நடத்தியவர்கள் காற்றைத்தான் நம்பினார்கள். நாமும் அதையே செய்ய வேண்டும். ஆனால் செய்வதாகப் பாவனை செய்யக் கூடாது.

பந்தல் போட்டால் அது வெளி ஆகிவிடும் என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் காற்றில் மிதக்கும். அவை கலைந்து போக வழி இல்லையென்றால் சேர்ந்துகொண்டே இருக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடற்குழுவினர் 61 பேர் கூடத்துக்குள் ஒத்திகை பார்த்ததில், கொரோனா உறுதியானவர்களும் பெரும்பாலும் தொற்றியிருக்கக்கூடியவர்களுமாக 53 பேர் பாதிக்கப்பட்டார்கள். மழலையர் வகுப்பில் பாட்டுதானே பாதிப் பாடம்? தலைக்கு மேல் கூரை இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை, வெயிலுக்கு அது வேண்டியதும்கூட. பக்கங்கள் அடைபட்டிருப்பதுதான் கெடுதல். ஸ்டாண்ட் ஃபேன் புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அடைத்த பந்தலுக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளையிடம் தள்ளுகிறது. மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கும், மூன்று பக்கம் சுவர் எழுப்பிய கார் நிறுத்துமிடத்துக்கும் இதே தீர்ப்புதான்.

ஐயமிருந்தால், பிள்ளைகள் வருவதற்கு முன்பு, அவர்கள் உட்காரும் உயரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். புகை உடனே ஒரு பக்கமாக இழுபட்டு மறைந்தால் உட்காரலாம். நேராக மேலேறித் தார்ப்பாயின் அடியில் தங்கிச் சுழன்றால் பக்கத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கட்டுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் எழும் என்பதால், காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் பக்கத்தில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் காலை வகுப்பை அடைத்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இடைவெளிக்காகச் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைவதை விட்டுவிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை வட்டத்துக்குள் நிற்கும் நேரம் புகைப்படம் எடுக்கும் நேரம் மட்டுமே. அதைவிட, எட்டு அல்லது பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்று நிலையான குழு வைத்து, ஆசிரியை ஒருவர் வரவில்லை என்பதற்காகக் குழுக்களைச் சேர்க்காமல் இருந்தால், ஒரு குழுவில் நோய் வந்தாலும் மற்றவை தப்பும். ஐந்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள பிள்ளைகளுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் நம் ஒன்றிய சுகாதார அமைச்சகமும் சொல்லியிருக்கின்றன. முகக்கவசம் ஆசிரியைக்கும் ஆயாவுக்கும்தான். மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே அறிவித்த பிறகும் வாசலில் தெளிப்பானோடு ஒருவரை நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? வாளியும் குவளையும் சோப்பும் போதும்.

2022 பிப்ரவரியில் பள்ளிகள் திறந்தபோது இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொரோனாத் தடுப்பூசி வந்திருக்கவில்லை. அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்கள்தான் அவர்களுக்கு அரண். ஆனால் நான் விசாரித்த இடங்களில் எல்லாம், இரண்டு மணி நேரம் மரத்தடியில் முகக்கவசத்தோடு இருந்த ஆசிரியைகள், பத்தரை மணிக்கு ஒரு சின்ன அறையில் ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். தேநீரையும் அந்த மரத்தடியிலேயே குடியுங்கள் அம்மா, தயவுசெய்து. இன்னொன்று, ஷேர் ஆட்டோ. திறந்தவெளிப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஒருவர் மடியில் ஒருவராக ஏற்றி, மழைத் திரையையும் இறக்கிவிட்டு அழைத்து வந்தால், எல்லாக் குழுக்களும் வகுப்பு தொடங்குமுன்பே கலந்துவிடுகின்றன.

வெளியில் நடத்தும்போது வெளியின் தொல்லைகளையும் பார்க்க வேண்டும். மார்ச் முதல் வகுப்பை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். நடுவில் இரண்டு முறையாவது தண்ணீர் கொடுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் சாலையோரம் வேண்டாம். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கிலிருந்து புகை வரும் நாளில் வகுப்பே வேண்டாம், ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. டெங்கு கொசு பகலில் கடிக்கும்; பழைய டயரையும் தேங்காய் ஓட்டையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள்: கொரோனா ஊரடங்கில் ஒன்றரை வயதுத் தட்டம்மை, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி) ஊசிகளைத் தவறவிட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள்.

பெற்றோரிடம் ஒன்று. காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, வாசலில் வெப்பமானியில் தேறவைத்து அனுப்பாதீர்கள். அதன் வேலை நாலைந்து மணி நேரம்தான், கிருமி எங்கும் போகவில்லை. மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகு அனுப்புங்கள். மீன் ஏலத்துக்கும் வீட்டு வேலைக்கும் விடியலில் கிளம்பும் தாய்க்கு இது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் விடுப்பு எடுத்த நாளுக்கும் கட்டணம் கேட்டு நச்சரிக்காதீர்கள் என்று பள்ளி நடத்துகிறவர்களையும் கேட்கிறேன். கொரோனா வந்து தேறிய பிள்ளைக்கு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடலில் தடிப்பு, வயிற்றுவலி வந்தால், மருந்துக் கடையில் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். முன்பு கொரோனா வந்ததை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.