ஸ்டியரிங் ஆயில் சைலென்சர் வழியா போகுமா?

பழைய பெட்ரோல் கார் ஒண்ணு. பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பால லெவல் இறங்கிக்கிட்டே இருக்கு, ஆனா வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஈரம் இல்ல. சைலென்சர்ல வெள்ளைப் புகை, அதுவும் ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சு திருப்பும்போது குபுகுபுன்னு. ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காம வண்டி நிக்கும்போது, இன்ஜின் வேகம் வேற ஏறி ஏறி இறங்குது. இதை மூணு தனித்தனி வியாதின்னு நினைச்சு, புகைக்கு ஹெட்டை (இன்ஜினோட மேல் பாகம்) இறக்கு, ஸ்டியரிங்குக்கு ராக்கை (சக்கரத்தைத் திருப்பற பல் தண்டு) மாத்து, ஐடிலுக்கு த்ராட்டிலைக் (காத்து உள்ள போற கதவு) கழுவுன்னு செலவு பண்ணவங்க நிறைய பேர். பல நேரம் மூணுக்கும் காரணம் கட்டைவிரல் சைசுல ஒரே ஒரு வால்வு.

அந்த வால்வு புரியணும்னா, மொதல்ல வேக்குவம், அதாவது இன்ஜினோட உறிஞ்சற சக்தி, எங்கருந்து வருதுன்னு பாத்துடலாம். இளநி குடிக்கும்போது ஸ்ட்ராவை விரலால நசுக்கிட்டு உறிஞ்சுனா கன்னம் உள்ள ஒட்டிக்கும்ல, அதேதான். பிஸ்டன்கள் காத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கு, ஐடில்ல த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கு, அதனால நடுவுல இருக்கற இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டர்களுக்குக் காத்தைக் கொண்டு போற குழாய்) காத்தழுத்தம் விழுந்துடும். கடல் மட்டத்துல வெளிக்காத்து 760 மி.மீ. பாதரச அழுத்தம்னா, நல்ல இன்ஜின் ஐடில்ல அதைவிட 430லருந்து 530 வரைக்கும் கம்மியா வச்சிருக்கும், கேஜ் முள்ளும் ஆடாம நிக்கும். (ஊட்டில வெளிக்காத்தே 580 பக்கம்தான், அங்க ரீடிங் குறைஞ்சா இன்ஜினைத் திட்டாதீங்க.) இந்த உறிஞ்சற சக்தியை சும்மா விடுவானேன்னு பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிக்க உதவற பாகம்) மாதிரி பல வேலைக்கு சின்னச் சின்ன ரப்பர் ஓஸ் போட்டு இழுத்திருப்பாங்க.

ஸ்டியரிங் பக்கம் கதை நேரெதிர், அங்க எல்லாம் அழுத்தம். இன்ஜின் பெல்ட்ல ஓடுற பம்ப் ஆயிலைத் தள்ளும், நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பினா உள்ள இருக்கற மெல்லிசான கம்பி ஒண்ணு லேசா முறுக்கிக்கிட்டு வால்வைத் திறக்கும், ஆயில் ராக்ல ஒரு பக்கம் பாஞ்சு சக்கரத்தைத் தள்ள உதவும். 1951ல கிரைஸ்லர் இம்பீரியல்ல கடைக்கு வந்த ஐடியா, ஆயில் பவர் ஸ்டியரிங் வச்ச வண்டிகள்ல இன்னிக்கும் அடிப்படை இதேதான். கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பிடிச்சா ஆயிலுக்குப் போக இடமில்ல, அழுத்தம் 70, 80 பார் வரைக்கும் ஏறும். டயர்ல நாம அடிக்கறதே 2 பார் சொச்சம், அப்ப பாத்துக்கோங்க. அவ்வளவு பாரத்தை ஐடில்ல 700, 800 ஆர்.பி.எம்.ல முனகிட்டிருக்கற இன்ஜின் மேல திடீர்னு ஏத்துனா அது ஆஃப் ஆயிடும்.

இதுக்கு 80, 90கள்ல டொயோட்டா மாதிரி ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச வழி நெஜமாவே அழகு. பம்ப்லயே ஒரு குட்டி காத்து வால்வு, அதுல ரெண்டு ஓஸ், ஒண்ணு ஏர் ஃபில்டர் பக்கத்துலருந்து வரும், இன்னொண்ணு மேனிஃபோல்டுக்குப் போகும். ஆயில் அழுத்தம் ஏறுனா வால்வு திறக்கும், த்ராட்டிலைச் சுத்தி கொஞ்சம் கூடுதல் காத்து உள்ள போகும், கூடுன காத்துக்கு ஏத்த பெட்ரோலும் விழும், ஐடில் தாங்கி நிக்கும். கம்ப்யூட்டரைக் கேக்காமலே நடக்கற வேலை!

ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் 70 பார் ஆயில், இன்னொரு பக்கம் உறிஞ்சற மேனிஃபோல்டு, நடுவுல காவலுக்கு ஒரு சின்ன சீல். இருபது முப்பது வருஷ சூட்டுல அது தேஞ்சா ஆயில் காத்து ஓஸ்ல ஏறி நேரா இன்ஜினுக்குள்ள போய் எரியும். தரை காஞ்சிருக்கறதுக்கும், ஒடிக்கும்போது புகை கூடுறதுக்கும், ஐடில் ஆடறதுக்கும் விடை இதுதான். அதே வால்வு மூடாம சிக்கிக்கிச்சுன்னா ஆயில் போகாது, ஆனா காத்து எப்பவும் போய்க்கிட்டே இருக்கும், ஐடில் இறங்காம நிக்கும்.

சோதிக்க அஞ்சு நிமிஷம் போதும். ரேடியேட்டர் தண்ணி குறையல, இன்ஜின் ஆயிலும் குறையலன்னா, அந்த ரெண்டு ஓஸையும் கழட்டி உள்ள பாருங்க. காத்து போற குழாய், காஞ்சுதான் இருக்கணும், உள்ள ஆயில் வழிஞ்சா திருடன் சிக்கிட்டான். மேனிஃபோல்டு பக்கம், ஃபில்டர் பக்கம் ரெண்டு வாயையும் மூடி போட்டு அடைச்சு ஓட்டிப் பாக்கலாம், ஸ்டியரிங் லேசாவே இருக்கும், ஃபுல்லா ஒடிச்சா மட்டும் ஐடில் தொங்கும். இப்படியே மாசக்கணக்கா ஓட்டாதீங்க, வால்வு வாய் வழியா ஆயில் வெளிய பீச்சி சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும். வால்வு மாத்தும்போது ஆயில்ல ஊறி உப்புன ஓஸையும் சேர்த்து மாத்தணும், வேக்குவத்துக்குன்னு வர்ற தடிச்ச ஓஸா வாங்குங்க, மெல்லிசா வாங்குனா உறிஞ்சற வேகத்துல சப்பையாகி ஒட்டிக்கும்.

வால்வு நல்லாத்தான் இருக்கு, ஐடில் மட்டும் ஆடுதுன்னா மத்த ஓஸ்ல வெடிப்பு தேடணும், பெரும்பாலும் சூட்டுல காஞ்ச முனையிலதான் இருக்கும். ஏர் ஃப்ளோ மீட்டர் (உள்ள போற காத்தை அளக்கற கருவி) வச்ச வண்டில இது கணக்குல வராத காத்து, பெட்ரோல் பத்தாம இன்ஜின் தடுமாறும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கற சென்சார் வண்டில அதே லீக் ஐடிலை ஏத்தி விடும். ஒவ்வொரு ஓஸா பிளையர்ல மெதுவா நசுக்கிட்டே வாங்க, எதை நசுக்கும்போது இன்ஜின் சத்தம் மாறி சீராகுதோ அங்கதான் ஓட்டை. பெட்ரோல், கார்புரேட்டர் கிளீனர்லாம் அடிச்சுத் தேடறது சூடான இன்ஜின்ல எனக்குப் பயம், சோப்புத் தண்ணி போதும். பிரேக் பூஸ்டருக்கு வண்டி ஆஃப்ல பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க.

கடைசியா டப்பால ஆயில் ஊத்தும்போது மூடில எழுதியிருக்கற ரகம்தான், பல பழைய ஜப்பான் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்தற ஏ.டி.எஃப். ஆயில்தான் வரும். முன்சக்கரத்தைத் தூக்கி, இன்ஜின் ஆஃப்ல இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பல தடவை ஒடிச்சு காத்தை வெளிய விட்டுட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணுங்க. மேனிஃபோல்டுலயும் சைலென்சர்லயும் தேங்கின ஆயில் எரிஞ்சு தீர்ற வரைக்கும் கொஞ்ச தூரம் புகை வரத்தான் செய்யும், அதைப் பாத்துட்டு மறுபடி ஹெட்டை இறக்கக் கிளம்பிடாதீங்க.