ஃப்ரீபிஎஸ்டி கணினிக்கு எந்த ஆபீஸ் மென்பொருள்?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஓடாது. லினக்ஸுக்கே அது வந்ததில்லை. உலாவிக்குள் திறக்கும் இணையப் பதிப்பு ஓடும், ஆனால் கோப்புகள் அவர்களுடைய சர்வரில் இருக்க வேண்டும். இணைப்பு போனால் வேலையும் போச்சு. ஆகவே, சர்வர்களுக்குப் பேர்போன இந்த இயங்குதளத்தை மேசைக் கணினியில் போட்டுக்கொண்டவர் கட்டற்ற மென்பொருள் பக்கம்தான் வர வேண்டும். அங்கே பெயர்களுக்குப் பஞ்சமில்லை: லிப்ரே ஆபீஸ், அப்பாச்சி ஓபன் ஆபீஸ், ஒன்லி ஆபீஸ், கலிக்ரா, அபிவேர்ட், நியூமெரிக். வசதிப் பட்டியலை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் இருப்பது உள்ளே: நிரல் இயங்குதளத்தோடு ஒட்டும் இடத்தில், கோப்பை எழுதும் விதத்தில், எழுத்துரு வந்து சேரும் வழியில். இவற்றுள் அதிகம் கெடுப்பது எழுத்துருதான். பழி மட்டும் மென்பொருளின் தலையில் விழும்.

ஒட்டும் இடத்திலிருந்து தொடங்குவோம். லிப்ரே ஆபீஸின் மூதாதை ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் எழுதிய ஸ்டார் ஆபீஸ். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஓபன் ஆபீஸ் பிறந்தது. சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போன 2010-இல் பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபீஸ். பல இயங்குதளங்களில் ஓட வேண்டும் என்பதால், இயங்குதளத்தை நேரடியாகத் தொடுகிற வேலையெல்லாம் தனி அடுக்குகளில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோப்பு, நினைவகம், இழைகள் போன்றவை 'சால்' என்ற அடுக்கில். சாளரம், பொத்தான், எழுத்து வரைதல் எல்லாம் 'விசிஎல்' அடுக்கில். நிரலின் பகுதிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் 'யூனோ' பாலம் மூன்றாவது. ஒவ்வொரு செயலி (ப்ராசஸர்) வகைக்கும் தனியாக எழுத வேண்டிய பகுதி அதில் உண்டு, அசெம்பிளி மொழி உட்பட. இவற்றை ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால் மீதியுள்ள லட்சக்கணக்கான வரிகளை அதிகம் தொடாமலே இயங்கும் நிரலாகத் தொகுத்துவிடலாம். ஹைக்கூ போன்ற மிகச் சிறிய இயங்குதளத்திலும் லிப்ரே ஆபீஸ் கிடைப்பதற்கு இதுவே காரணம்: ஹைக்கூவுக்கு சாளரமும் பொத்தானும் வரையும் க்யூடி நூலகம் ஏற்கெனவே வந்திருந்தது, விசிஎல் அடுக்கின் க்யூடி வடிவம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

பயனருக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. ஹெல்ப் மெனுவில் அபவுட் பெட்டியைத் திறந்தால் விசிஎல் என்ற சொல்லுக்கு எதிரே ஜிடிகே3, க்யூடி5, எக்ஸ்11 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். முதலிரண்டும் சாளரம் வரையும் நூலகங்கள். எக்ஸ்11 என்றால் அப்படி எதுவும் இல்லாத வெறும் சாளர அமைப்பு. மெனுக்கள் பழைய காலத்து முகத்தோடு வரும், உயர் தெளிவுத்திரையில் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரியக்கூடும். தமிழில் தட்டச்சு செய்பவர் இதை அவசியம் பார்க்க வேண்டும். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்கள் ஜிடிகேவுக்கு ஒரு சூழல் மாறியையும் (நிரல் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு) க்யூடிக்கு இன்னொன்றையும் எதிர்பார்க்கின்றன. ஜிடிகேவுக்கானதை மட்டும் அமைத்துவிட்டு க்யூடி வடிவத்தில் லிப்ரே ஆபீஸைத் திறந்தால், உலாவியில் நன்றாக வேலை செய்த தமிழ்99 லிப்ரே ஆபீஸின் சொற்செயலியான ரைட்டரில் மட்டும் ஆங்கிலமாகவே விழும். இரண்டு மாறிகளையும் அமைத்துவிடுவது நல்லது. விசிஎல் வடிவத்தையே மாற்றவும் ஒரு சூழல் மாறி உண்டு: 'சால்_யூஸ்_விசிஎல்பிளகின்'. அதற்கு ஜிடிகே3 என்ற மதிப்பைக் கொடுத்து முனையத்திலிருந்து திறந்து பார்த்தால், கோளாறு எந்த அடுக்கில் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒன்லி ஆபீஸ் வேறு ஜாதி. அதில் ஆவணத்தைத் திருத்தும் பகுதி பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். மேசைப் பதிப்பு குரோமியம் உலாவியின் எஞ்சினைத் தனக்குள்ளேயே சுமந்து வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும்தான் அதைத் தருகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் லினக்சுலேட்டர் வழியாக ஓட்டலாம். அது லினக்ஸ் நிரல் இயங்குதளத்தின் கருவிடம் (கெர்னல்) கேட்கும் உதவிகளை ஃப்ரீபிஎஸ்டி கருவே புரிந்து பதில் சொல்லும் ஏற்பாடு. ஆனால் நிரலைக் கணினியின் மற்ற பகுதிகளைத் தொடவிடாமல் அடைத்துவைக்கும் குரோமியத்தின் பாதுகாப்புப் பெட்டி லினக்ஸ் கருவின் சில தனி வசதிகளை எதிர்பார்க்கும். அவை இங்கே கிடைக்காததால் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வெளியாரிடமிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளில் பாதுகாப்பை அணைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒன்லி ஆபீஸ்தான் வேண்டும் என்றால் அதன் டாக்குமென்ட் சர்வர் போர்ட்ஸ் என்ற ஃப்ரீபிஎஸ்டி மென்பொருள் தொகுப்பில் இருக்கிறது. அதை நிறுவி உலாவியில் திறக்கலாம். ஒரே ஒரு கணினிக்கு இது கொஞ்சம் அதிகம்தான், சிறிய அலுவலகத்துக்குப் பொருந்தும்.

லிப்ரே ஆபீஸை மூலநிரலிலிருந்து தொகுக்க முயல வேண்டாம். சாதாரணக் கணினியில் பல மணி நேரம் பிடிக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் மென்பொருள் நிறுவும் பிகேஜி கருவியில் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. அதில் ஒரு பொறி உண்டு. பொதிகள் இரண்டு கிளைகளில் வருகின்றன: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரியும் காலாண்டுக் கிளை, அன்றாடம் நகரும் லேட்டஸ்ட் கிளை. லிப்ரே ஆபீஸ் சாய்ந்து நிற்கும் நூலகங்கள் ஏராளம். அவற்றில் ஒன்று தொகுப்பில் தோற்றாலும் அந்தச் சுற்றில் லிப்ரே ஆபீஸ் பொதியே உருவாகாது. அந்த நேரம் பார்த்து மேம்படுத்தக் கட்டளை கொடுத்தால், ஒருங்குறி எழுத்துகளைக் கையாளும் ஐசியு போன்ற நூலகம் புதிய பதிப்புக்குப் போகும். பழைய லிப்ரே ஆபீஸ் அதோடு சேராது. எனவே அதை நீக்கிவிடலாமா என்று பிகேஜி கேட்கும். அந்தக் கேள்வி நீண்ட பட்டியலின் நடுவே வருவதால் பலர் படிக்காமலே ஒய் தட்டிவிடுகிறார்கள். பட்டியலில் நீக்கப்படவிருப்பவை என்ற தலைப்பை மட்டுமாவது படியுங்கள். லிப்ரே ஆபீஸ் பெயர் அங்கே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் மேம்படுத்துமுன் பிஇசிடிஎல் கருவியால் ஒரு துவக்கச் சூழலை (இயங்குதளத்தின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்தால், கெட்டால் பழைய நிலைக்கே திரும்பலாம். வேலைக்கான கணினி என்றால் காலாண்டுக் கிளையே போதும்.

இனி கோப்பு. டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் பொதிதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். எந்த வரி எங்கே முடிகிறது, பக்கம் எங்கே வெட்டுகிறது என்ற உறுதியான கணக்கு அவற்றில் கிடையாது. இந்தப் பத்தி, இந்த எழுத்துரு, இந்த அளவு, இந்த ஓரம் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மென்பொருள் எழுத்துகளின் அகலத்தைக் கூட்டி, வரி நிரம்பும் இடத்தில் மடித்து, பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. எழுத்துருவுக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் எண்ணாகப் பதிந்திருக்கும். கோப்பு கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வேறொன்று வரும், கூட்டல் மாறும். மாற்று எழுத்துரு வெறும் 5 விழுக்காடு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 40 வரிப் பக்கத்தில் 2 வரி மிஞ்சும், 20 பக்க ஆவணம் 21 ஆகும், பொருளடக்கத்தில் பக்க எண்கள் நகரும், அட்டவணையின் கடைசி வரிசை அடுத்த பக்கத்தில் தனியாக நிற்கும். "லிப்ரே ஆபீஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான்.

2007 முதல் 2023 வரை வேர்டின் இயல்பு எழுத்துரு காலிப்ரி. அதே அகலங்களோடு செய்யப்பட்ட கட்டற்ற எழுத்துரு கார்லிட்டோ. கேம்ப்ரியாவுக்கு அப்படி ஒன்று கலாடியா. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் ரெட் ஹேட் 2007-இல் வெளியிட்ட லிபரேஷன் குடும்பம் இருக்கிறது. இவை எல்லாமே ஃப்ரீபிஎஸ்டி பொதிகளாகக் கிடைக்கின்றன. லிப்ரே ஆபீஸோடு இவற்றையும் தேடி நிறுவிவிட வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, முனையத்தில் எஃப்சி-மேட்ச் என்று அடித்து, இடம் விட்டு, காலிப்ரி என்ற பெயரைக் கொடுங்கள். கார்லிட்டோ என்று பதில் வந்தால் நல்லது. டெஜாவூ சான்ஸ் என்று வந்தால் பக்கங்கள் வீங்கப் போகின்றன என்று பொருள். அது காலிப்ரியைவிட நன்றாகவே அகலம். புதிய வேர்டின் இயல்பு எழுத்துருவான அப்டோஸுக்கு இப்படி அளவொத்த இணை பரவலாக இல்லை. எதிர்த்தரப்பிடம் காலிப்ரியிலோ ஏரியலிலோ அனுப்பச் சொல்வதே சுருக்கு வழி.

தமிழுக்கு வந்தால் சிக்கல் இன்னொரு படி ஆழம். டாக்எக்ஸ் கோப்பில் ஒவ்வொரு சொல் துண்டுக்கும் நான்கு எழுத்துருப் பெயர்களுக்கு இடம் உண்டு: ஆஸ்கி எழுத்துகள், மற்ற லத்தீன் வகை, கிழக்காசிய எழுத்துகள், சிக்கலான எழுத்துமுறைகள். தமிழ் கடைசி வகை. அளவும் தனி. ஆங்கிலத்துக்கு ஓரிடத்தில் 24 என்று பதிந்திருக்கும் (அரைப் புள்ளிக் கணக்கு, அதாவது 12 புள்ளி), தமிழுக்கு இன்னோரிடத்தில் வேறு எண் இருக்கலாம். பாணியில் 12 என்று மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் அடம்பிடிப்பது இதனால்தான். லிப்ரே ஆபீஸில் ஆப்ஷன்ஸ் பெட்டியின் மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' குறியிடப்பட்டு, மொழி தமிழாக இருக்க வேண்டும். அதன் பிறகு பாணிப் பெட்டியில் அந்த வகைக்கென்று தனிக் கட்டம் தெரியும். எழுத்துருவையும் அளவையும் அங்கே அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் இயல்பாகத் தேவநாகரி எழுத்துரு ஒன்றின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். அதில் தமிழ் எழுத்துகளே இராது. திரையில் தெரியும் தமிழ், கணினி தானாகத் தேடி எடுத்த வேறு ஏதோ எழுத்துருவிலிருந்து வருவது. கருவிப்பட்டையில் எழுத்துருப் பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால், அந்த எழுத்துரு நிறுவப்படவில்லை என்று லிப்ரே ஆபீஸ் சொல்கிறது.

வேர்ட் கோப்பின் தீம் பகுதியில் தமிழுக்கென்று எழுதி வைத்திருக்கும் பெயர் லதா. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை. கூடுதல் தமிழ் எழுத்துருக்கள் என்ற தொகுப்பில் போய்விட்டது. இயல்பாக இருப்பது நிர்மலா. இரண்டையும் ஃப்ரீபிஎஸ்டிக்குக் கட்டற்றதாகத் தர யாருமில்லை. ஆகவே தமிழ் ஆவணத்தில் பக்க அமைப்பு அப்படியே நிற்க வேண்டும் என்றால் இருபுறமும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், கோப்பின் ப்ராபர்ட்டீஸ் பெட்டியில் ஃபான்ட் தாவலில் எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிக்கச் சொல்லலாம்; கோப்பு பருக்கும், ஆனால் போகிற இடத்தில் கெடாது. திருத்த வேண்டியதில்லை என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கக் கோப்புகள் தனிக் கதை. அவற்றுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பையாகத் தெரியும், எந்த ஆபீஸ் மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதே வழி.

எழுத்துகள் சேர்ந்து வரும் முறையில் இப்போது கவலை குறைவு. 'கொ' என்பது நினைவகத்தில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாக இருக்கும். குறியை இரண்டாகப் பிளந்து ஒற்றைக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் லிப்ரே ஆபீஸ் எல்லா இயங்குதளத்திலும் இதையே பயன்படுத்துகிறது. அதற்கு முன் விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, மற்றவற்றில் வேறொன்று.

மற்ற மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. அப்பாச்சி ஓபன் ஆபீஸ் டாக்எக்ஸைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது, 4.1 வரிசை தொடங்கியதே 2014-இல். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் ஓபன் ஆபீஸ் ரைட்டரைச் சொல்லிக்கொடுப்பதால் மாணவர்கள் அதையே தேடுகிறார்கள். லிப்ரே ஆபீஸிலும் அந்தப் பாடம் பெரும்பாலும் அப்படியே பொருந்தும், அதையே போடலாம். கலிக்ராவும் டாக்எக்ஸைப் படிப்பதோடு சரி. அபிவேர்ட் பழைய, நினைவகம் குறைந்த கணினியில் கடிதம் எழுதப் போதும். நியூமெரிக் சொற்செயலி அல்ல, விரிதாள். சிறியது, வேகமானது, புள்ளியியல் கணக்குகளில் துல்லியமானது. லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க் இருந்தாலும் அதையும் வைத்துக்கொள்ளலாம், சில மெகாபைட்தானே.

முடிவெடுக்குமுன் உங்கள் கோப்புகளை வைத்தே சோதியுங்கள். பொருளடக்கம் உள்ள நீண்ட ஆவணம் ஒன்று, தமிழும் ஆங்கிலமும் கலந்த அட்டவணை ஒன்று, சூத்திரங்களும் பிவட் அட்டவணையும் உள்ள விரிதாள் ஒன்று. வேர்ட் உள்ள கணினியில் ஆவணங்களைப் பிடிஎஃப் ஆக எடுத்து வந்து பக்க எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மாறினால் முதலில் எஃப்சி-மேட்ச், பிறகு மென்பொருள். அடுத்து இங்கே ஒரு சொல்லைத் திருத்தி டாக்எக்ஸாகவே சேமித்து, வேர்டில் மறுபடி திறந்து பாருங்கள். தனக்குப் புரியாத குறிப்புகள் பலவற்றைக் கிராப் பேக் என்ற பையில் போட்டு வைத்திருந்து சேமிக்கும்போது திருப்பி எழுதிவிடும் பழக்கம் லிப்ரே ஆபீஸுக்கு உண்டு. ஆனாலும் எல்லாமே திரும்பிவிடாது. மிதக்கும் உரைப்பெட்டிகளும் ஸ்மார்ட்ஆர்ட் படங்களும்தான் முதலில் இடம் மாறுகின்றன. விரிதாளில் விஷுவல் பேசிக் மேக்ரோ இருந்தால் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்; பாதி ஓடும், மீதியைக் கையால் திருத்த வேண்டிவரும்.