டெல்டா மண்பாதையில் முதல் டூயத்லான்: சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் ஏன் மறுக்கின்றன?

ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம் என்று இடைவெளியின்றி நடக்கும் போட்டிக்கு டூயத்லான் என்று பெயர். புதியவர்களுக்கான தூரம் பெரும்பாலும் 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், கடைசியாக 2.5 கி.மீ. அல்லது 5 கி.மீ. ஓட்டம் என்ற அளவில் இருக்கும். இதைத் தார்ச்சாலையில் அல்லாமல் மண்பாதையில் நடத்துவதும் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கங்களில் ஆற்றங்கரையோ வாய்க்கால் கரையோ இல்லாத ஊர் அரிது என்பதால், அதற்கான பயிற்சிக் களம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. முதல்முறை கலந்துகொள்பவர் தனியாக 5 கி.மீ. ஓடிப் பார்க்கிறார், இன்னொரு நாள் தனியாக 20 கி.மீ. மிதித்துப் பார்க்கிறார், இரண்டும் முடிகிறது என்ற நம்பிக்கையோடு போட்டிக்குப் போகிறார். ஆனால் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கியதும் தொடை கனக்கிறது, அடி குறுகுகிறது, முழங்கால் மேலே எழ மறுக்கிறது. நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கும் இது நேரும். அதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

மிதிக்கும்போது உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. தொடைத் தசைகள் பெரும்பாலும் சுருங்கும் வேலையை மட்டுமே செய்கின்றன. ஓட்டத்திலோ ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையைக் கால் தாங்குகிறது. அந்தக் கணத்தில் தசைகள் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். குதிகால் நாண் நீண்டு ஆற்றலைச் சேமித்து, கால் தரையை விட்டு எழும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். சைக்கிளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இந்த வேலையே இல்லாதிருந்த கால்களிடம், ஒரே நிமிட இடைவெளியில் நாம் அதைக் கேட்கிறோம். இடுப்பும் அதுவரை மடிந்தே இருந்திருக்கிறது. ஓடும்போது கால் உடலுக்குப் பின்னால் நீள வேண்டியிருப்பதால், இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகி நின்று தடுக்கின்றன. எந்தத் தசையை எந்தக் கணத்தில் இயக்குவது என்று நரம்பு மண்டலம் வகுத்துக்கொண்ட மிதிக்கும் ஒழுங்கும் உடனே கலைந்துவிடுவதில்லை. அதனால் வழக்கமான வேகத்தில் ஓடுவதற்கே கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது. இதில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு: சைக்கிளில் வேகமாகக் கால் சுழற்றியவர்கள் அடுத்த ஓட்டத்திலும் வேகமாக அடி வைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே சைக்கிள் பகுதியின் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கனமான கியரை விட்டுவிட்டு, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 85 முதல் 90 சுற்று வரை மிதிப்பது பயனுள்ளது.

டெல்டாவில் மேடு பள்ளம் இல்லாததால் இங்கே மண்பாதைப் போட்டி எளிது என்று வெளியூரார் எண்ணக்கூடும். மலைப்பாதையில் ஏறியவர் இறங்கும்போது மிதிக்காமல் சற்றே இளைப்பாறலாம். கல்லணையிலிருந்து கடல் வரை விசிறிபோல் விரியும் இந்தச் சமவெளியில் அந்த இறக்கம் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் மரநிழல் இல்லாத இடங்களில் எதிர்காற்று வேறு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு எதிராக 10 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், காற்றின் தடை அமைதியான நேரத்தில் இருப்பதைப் போல் 2.25 மடங்காகிறது, ஏனெனில் தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. கடற்காற்று பிற்பகலில் கிழக்கிலிருந்து வருவதால், காலையில் தொடங்கும் போட்டிகளே இந்த வகையில் நல்லவை.

அடுத்தது மண். வண்டல் படிந்த டெல்டா வயல்களின் களிமண்ணில் நீரை உள்வாங்கி உப்பும் கனிமங்கள் மிகுதி. கோடையில் அதே மண் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் ஈரத்தில் பதித்துச் சென்ற தடங்கள் காய்ந்து கல்லாகி நிற்கின்றன. அத்தகைய தரையில் டயரைக் கல்போல் காற்றடித்து ஓட்டினால், ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்பட்டு, முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் வீணாகிறது. காற்றைக் குறைத்தால் டயர் அமுங்கி அந்த மேட்டைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. டயர் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் இரண்டு டயருக்கும் சேர்த்துச் சுமார் 23 சதுர செ.மீ., 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 38 சதுர செ.மீ. பதிகிறது. பரப்பு கூடக்கூட டயர் இளகிய மண்ணில் புதைவது குறைகிறது. அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த அழுத்தமும் பொருட்டன்று. மாற்று டியூப்பும் பம்பும் கையில் இருக்கத்தான் வேண்டும்.

மழை பெய்த மறுநாள் கரைக்கு சைக்கிளை எடுத்துச் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நூறு அடி போவதற்குள் களிமண் டயரில் அப்பி, அதன் மேல் வைக்கோல் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே கெட்டித்து, சக்கரம் சுழல்வதே நின்றுவிடுகிறது. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் நீர் வந்த பிறகு கரைகளில் கசிவு தொடங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளைகளே பயிற்சிக்கு மிகவும் உகந்தவை.

இரண்டாவது ஓட்டத்தின் பெரிய எதிரி வெப்பம். தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு கூட முழுமையாக மிதிக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதியெல்லாம் உடல் சூடாகவே வெளிப்படுகிறது. மிதியில் 150 வாட் வேலை செய்பவரின் உடலில் ஏறத்தாழ 500 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு மணி நேரத்தில் அது 1,800 கிலோஜூல். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், முக்கால் லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளின் ஈரக்காற்றில் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். சைக்கிளில் இருந்தவரை முகத்தில் மோதிய காற்று அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்திருக்கும். இறங்கி மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, உடலின் வெப்ப உற்பத்தியோ குறைவதில்லை. சட்டை திடீரென்று நனைவதும் தலை சூடேறுவதும் அதனால்தான். சூட்டுக்கு உடலைப் பழக்க 10 முதல் 14 நாள் மிதமான பயிற்சி வேண்டும். தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் போட்டியை அங்கேயே நிறுத்த வேண்டும்.

குடிப்பதில் வெறும் தண்ணீரைவிட, உப்பும் சிறிது சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு மேலானது. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம்.

ஆற்று மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப் போல் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. கொள்ளிடத்தின் மணற்பரப்பு பாதையில் வந்தால் வேகத்தை மறந்துவிட்டு, மூச்சின் அளவைப் பார்த்தே ஓட வேண்டும். ஷூவில் ஒட்டும் சேற்றுக்கும் விலை உண்டு: ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் ஆக்சிஜன் செலவு சுமார் ஒரு சதவீதம் உயர்கிறது. இரண்டு நொடி நின்று, கப்பிக் கல்லில் சேற்றைத் தேய்த்துவிட்டு ஓடுவதே லாபம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, வாரத்தில் ஒருநாள் சைக்கிளை முடித்த கையோடு, உட்காராமல் பத்து நிமிடம் ஓடினால் போதும். முதல் மூன்று நிமிடங்கள் அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஓட வேண்டும். நீண்ட அடி வைத்தால் இறுகிய இடுப்பும் களைத்த கணுக்காலும் தடத்தின் விளிம்பில் பிசகிவிடும். அந்தப் பத்து நிமிடத்தையும் தார்ச்சாலையில் கழிக்காமல், போட்டியில் வரப்போகும் கரையைப் போன்ற கரையிலேயே ஓடுவது நல்லது. கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் கரடுமுரடான தரையை உணர்ந்து உடனுக்குடன் நிதானிக்கப் பழகுவது அங்கேதான்.