நரம்புச் சிலந்தி: வலியைக் கொண்டே வாழும் புழு

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், வெண்புள்ளிகள் சில துள்ளித் துள்ளி நகர்வது தெரியும். சைக்ளோப்ஸ் என்னும் நீர்ப்பூச்சி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை விழுங்குவதால் கெடுதல் ஏதுமில்லை, அதன் வயிற்றில் நரம்புச் சிலந்தியின் இளம்புழு இல்லாதவரை.

இரைப்பையின் அமிலத்தில் பூச்சி செத்துப்போகும், புழு சாகாது. குடற்சுவரைத் துளைத்து வெளியேறி, உடலுக்குள்ளேயே இணை சேரும். ஆண்புழு மடிந்துவிட, பெண்புழு தோலுக்கடியில் ஊர்ந்தபடி ஒரு மீட்டர் நீளம்வரை வளரும். இதற்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். அதுவரை அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது.

பிறகு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் எழும்பும். தீப்பட்டதுபோல் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீருக்குள் வைப்பார். புழு காத்திருப்பது அதற்குத்தான். கொப்புளம் உடைந்து, லட்சக்கணக்கான இளம்புழுக்கள் நீரில் கொட்டும். அவற்றைச் சைக்ளோப்ஸ் தின்னும். இரண்டு வாரத்தில் அடுத்தவரைத் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். ரஷ்ய இயற்கையியலாளர் அலெக்ஸி ஃபெட்சென்கோ 1870-இல் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்.

புழுவைக் கொல்ல மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்தால் உள்ளே தங்கிய பகுதி சீழ்பிடிக்கும். மூட்டு விறைத்து நிரந்தரமாக முடங்கியவர்களும் உண்டு. ஓராண்டுக் கணக்கு என்பதால் புழு பெரும்பாலும் அதே பருவத்தில்தான் தலைகாட்டும். பல ஊர்களில் அது விதைப்புக் காலம் அல்லது அறுவடைக் காலம். உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு அந்த ஆண்டின் சோறே போய்விடும். ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை என்பது இன்னும் கொடுமை.

இந்தியாவில் இதை ஒழித்த விதம் பெருமைக்குரியது. குடிநீரை மெல்லிய துணியில் வடிகட்டச் சொன்னார்கள். பூச்சி துணியில் தங்கிவிடும். சைக்ளோப்ஸைக் கொல்லும் டெமிஃபாஸ் என்னும் பூச்சிமருந்தைக் கிணறுகளில் அளவாகத் தெளித்தார்கள். மேற்கு இந்தியாவின் படிக்கிணறுகளில் தண்ணீர் எடுக்க இறங்குபவரின் கால் நீரில் நனையும். அவற்றை மேலிருந்து இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். தமிழ்நாடு 1980-களிலேயே விடுபட்டது. கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

1986-இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023-இல் 14 பேருக்கு மட்டுமே வந்தது. ஆனாலும் வேலை முடியவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நூற்றுக்கணக்கான நாய்களிடம் இதே புழு காணப்பட்டது. எறியப்படும் மீன்குடலைத் தின்பதால் அவற்றுக்குத் தொற்றுகிறது என்று கருதப்படுகிறது. எனவே அங்கே மீன்குடலைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். புழு வெளிவரும் நாயைக் குளத்துப் பக்கம் போகவிடாமல் கட்டிப்போடுகிறார்கள்.