மொட்டை மாடி ஏன் ஒழுகுகிறது?

எங்கள் கூடத்து மின்விசிறியின் கொக்கியிலிருந்து முதல் சொட்டு விழுந்தது ஒரு நவம்பர் இரவில். அடைமழை பிடித்து இரண்டாம் நாள். விடிந்ததும் மாடிக்குப் போய், விசிறிக்கு நேர் மேலே இருக்கும் தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் உண்மையில் இறங்கிய இடம் அங்கிருந்து 11 அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அந்த மூலையை நான் சந்தேகிக்கவே இல்லை. கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் கலவை பூசி அடைத்த இடம் அது. அதுவும் அதே ஆண்டு மே மாதத்தில்.

மே மாதத்தில் அடைத்ததுதான் கோளாறு என்பது பிறகுதான் புரிந்தது.

சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அது நிழலில் அளந்த கணக்கு. வெட்டவெளியில் கிடக்கும் கான்கிரீட்டுக்கு நிழல் ஏது? கத்திரி வெயிலில் மொட்டை மாடியின் மேல்பரப்பு 60 டிகிரியை நெருங்கும். காலையில் பிழிந்த வடாம் மாலைக்குள் சலசலவென்று காய்ந்துவிடுவது இந்தச் சூட்டில்தான். இதே தளம் கார்த்திகை மழையில் 23, 24 டிகிரிக்கு இறங்கி நாள் கணக்கில் ஊறும். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஒரே தளம் ஆறு மாதத்துக்குள் வாணலியாகவும் குளமாகவும் இருந்தாக வேண்டும்.

கான்கிரீட் ஒரு டிகிரி சூடேறினால், மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. தளத்தின் மேல்பக்கம் கொதித்தாலும் அடிப்பக்கம் அவ்வளவு சூடாவதில்லை. எனவே கோடைக்கும் மழைக்காலத்துக்கும் சராசரியாக 25 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது 10 மீட்டர் நீளமுள்ள தளம் இரண்டரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. ஓர் அரிசி மணியின் குறுக்களவைவிடக் கூடுதல். இது ஆண்டுக் கணக்கு. இதற்குள்ளேயே ஒவ்வொரு நாளும் பகலில் கொஞ்சம் விரிந்து விடியற்காலையில் கொஞ்சம் சுருங்கும் தினக் கணக்கு ஒன்றும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தளம் தனியாகக் கிடந்தால் இதனால் தொல்லையே இல்லை. அதன் கீழே சுவர்கள், விளிம்பில் கைப்பிடிச் சுவர். கீழ்ச்சுவர்கள் அவ்வளவாக வெயில் படாமல் நிற்கின்றன. தளம் நீள்வதைப் போல் அவை நீள்வதில்லை. ஆகவே தளம் அவற்றின் தலைமேல் வழுக்கி நகரப் பார்க்கிறது. மேல்மாடி அறைகளில் கூரைக்குச் சற்றுக் கீழே கோடு போட்டதுபோல் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீடு இறங்கிவிட்டதோ என்று பயந்து ஜோசியர் வரை போனவர்கள் உண்டு. அஸ்திவாரம் இறங்கினால் விரிசல் பெரும்பாலும் சாய்வாக ஓடும். இந்தக் கிடைமட்டக் கோடு பெரும்பாலும் வெயில் போட்டது. மாடிக்கு மேலே, கைப்பிடிச் சுவரின் அடியிலும் இதே இழுபறி நடக்கிறது. எங்கள் 11 அடி மூலை அப்படி உருவானதுதான்.

இப்போது அந்த மே மாத நண்பகலுக்கு வருவோம். தளம் முழுதாக விரிந்து கிடக்கும் நேரம் அது. தளம் விரியும்போது அதன் விரிசல்கள் நெருக்கப்பட்டு ஏறக்குறைய மூடிக்கொள்கின்றன. கொத்தனார் கண்ணுக்குத் தெரிந்த மெல்லிய கோட்டின்மேல் கலவையைப் பூசினார். கலவையோ நெகிழாத பொருள். நவம்பரில் தளம் சுருங்கியபோது விரிசல் மறுபடியும் வாய் திறந்தது. பூச்சு ஒரு விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு மறு விளிம்பைக் கைவிட்டது. மேலிருந்து பார்த்தால் பூச்சு அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை.

இன்னொரு கேடும் சேர்ந்தது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதனால்தான் புதுத்தளத்தில் பாத்தி கட்டி நாள் கணக்கில் தண்ணீர் நிறுத்துகிறார்கள். கொதிக்கும் தளத்தில் பூசிய மெல்லிய கலவையிலிருந்து அந்த வினை முடிவதற்குள் தண்ணீர் ஆவியாகிவிடும். மிஞ்சுவது நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் பூச்சு.

மயிரிழை என்றால் எவ்வளவு? 0.1 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். அந்த அளவு இடைவெளியுள்ள இரண்டு பரப்புகளுக்கு நடுவே தண்ணீர் தானாகவே சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை நுழைவுதான். கீழே இறங்க ஈர்ப்பு விசை இருக்கிறது. பக்கவாட்டில் பரவவும் சுவரில் மேலே ஏறவும் இந்த விசை இருக்கிறது. விரிசல் எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக இழுக்கும். பெரிய ஓட்டையில் தண்ணீர் கொட்டும், நாமும் பார்த்து அடைத்துவிடுவோம். மயிரிழையில் அது சத்தமில்லாமல் ஊர்ந்து போகும்.

ஊர்ந்து எங்கே போகும்? தளத்துக்குள் மின்கம்பிகளுக்காகப் புதைத்த பி.வி.சி. குழாய்கள் இருக்கின்றன. மூலையில் நுழைந்த தண்ணீர் அந்தக் குழாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், ஓடி வந்து அது முடியும் இடத்தில் சொட்டும். முடியும் இடம் விசிறிக் கொக்கி. கூரையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவது, குழாயடியில் நின்றுகொண்டு ஏரியைத் தேடுவது போன்றது. ஈரமான கொக்கிக்கு அருகில் மின்சாரமும் இருக்கிறது என்பதால், சொட்டு விழுந்ததும் முதலில் அந்த விசிறியின் மின் இணைப்பை நிறுத்துவது நல்லது. வாளி வைப்பது அப்புறம்.

கசிந்த இடத்தில் கொஞ்ச நாளில் வெள்ளைத் தாரை ஒன்று இறங்கும். சில இடங்களில் குட்டி உறிஞ்சுகுழல்போலத் தொங்கவும் செய்யும். பலர் அதை உப்பு என்று துடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கான்கிரீட்டின் சொந்தச் சுண்ணாம்பு. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இந்தச் சுண்ணாம்பு உள்ளே இருந்தவரை ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. கான்கிரீட்டுக்குள் கடும் காரத்தன்மை நிலவுவதால்தான் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் நிலைக்கிறது. காரம் குறைந்தால் படலம் போகும், துரு தொடங்கும். துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைக் கூரையின் காரையைப் பிளந்துதான் எடுத்துக்கொள்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்றின் குளோரைடும் சேர்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அதே சுண்ணாம்பு, நல்ல விதத்தில், நம் வெள்ளையடிப்பிலும் வருகிறது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றி நீற்றினால் கொதித்துப் பொங்குகிறது. அதைக் கரைத்துச் சுவரில் அடித்த பிறகு, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிவிடுகிறது. இந்த வினைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். சுள்ளென்ற வெயிலில் அடித்த சுண்ணாம்பு வினை நடக்குமுன் காய்ந்து, கை வைத்தால் ஒட்டும் பொடியாக நிற்கும். போகிக்கு முன்னால் வெள்ளையடித்தவர்கள் பொங்கலை மனத்தில் வைத்துத்தான் அடித்திருப்பார்கள்; இருந்தாலும் வேதியியல் பார்வையில் மார்கழியைவிடத் தோதான காலம் கிடைப்பது கடினம். மழை ஓய்ந்திருக்கும், சுவரில் சற்று ஈரம் மிச்சமிருக்கும், வெயில் கடுமையாக இராது. சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பது பழக்கம். நீலம் மஞ்சள் சாயலை உறிஞ்சிவிடுவதால் சுவர் பளிச்சென்று தெரிகிறது. உண்மையில் அது ஒளியைக் கொஞ்சம் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. சுவருக்கு இருக்கட்டும். வெயிலைத் திருப்புவதற்காக மாடித் தளத்துக்கு அடிக்கும் சுண்ணாம்பில் நீலம் எதற்கு?

மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது அறைச்சூட்டைக் குறைப்பதோடு நிற்பதில்லை. தளம் குறைவாகச் சூடேறினால் குறைவாக விரியும். விரிசலின் இழுபறியும் குறையும். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தார்கள். அந்தச் சுண்ணாம்புத் தளம் சிமெண்டைவிடச் சற்று நெகிழும். நுண்ணிய விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் சுண்ணாம்பு கரைந்து படிந்து தானே அடைத்துக்கொள்ளவும் செய்யும். அதற்காகப் பழசெல்லாம் ஒழுகவே இல்லை என்று சொல்லமாட்டேன். என் தாத்தா வீட்டில் மழை நாளில் பித்தளை அண்டாக்கள் எங்கெங்கே வைக்கப்படும் என்பது குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம்.

என் இப்போதைய கட்சி இதுதான்: மாடி வேலைக்கு மாதம் தை. மழை நின்று இரண்டு மூன்று வாரமானதும் மாடியைக் கழுவிக் காயவிட்டால், தளமெல்லாம் உலர்ந்த பிறகும் சில கோடுகள் மட்டும் கருத்துத் தெரியும். தண்ணீர் குடித்த விரிசல்கள் அவை. குளிரில் அவை நன்றாகத் திறந்தும் இருக்கும். அவற்றை உளியால் வி வடிவில் கொத்தி, தூசியை ஊதி எடுத்து, ரப்பர்போல நெகிழக்கூடிய அடைப்பான் பசையை அதிகாலையில் நிரப்ப வேண்டும். கெட்டிக் கலவையை நிரப்பினால் கோடையில் விரியும் தளத்துக்கு இடமில்லாமல் வேறொரு இடத்தில் வெடிக்கும். கைப்பிடிச் சுவரின் அடிமூலையைச் செங்குத்தாக விடாமல் சாய்மானமாகப் பூசி உருட்டினால் தண்ணீர் அங்கே தங்காது.

அடைத்தது பிடித்ததா என்று பார்க்க மழை வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுவிடலாம். அது சதுர மீட்டருக்கு 25 கிலோ சுமை. நடமாடும் மொட்டை மாடிகளுக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. எனவே சோதனைக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது வேறு. புரட்டாசியில் யாரும் எட்டிப் பார்க்காத குழாயின் வாயில் மாவிலையும் பட்டாசுக் காகிதமும் அடைத்துக்கொண்டால், கைப்பிடிச் சுவர் அணையாகிவிடும். 20 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 200 கிலோ. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 1,000 சதுர அடி மாடியில் அது 45,000 லிட்டர். ஏறக்குறைய நான்கு பெரிய தண்ணீர் லாரிகள். வாட்டம் சரியாக இருந்து குழாய் திறந்திருந்தால் வந்த வழியே போய்விடும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்தக் குழாய் பல வீடுகளில் கிணற்றிலோ தொட்டியிலோ முடிகிறது. சுண்ணாம்பு அடித்த மாடியின் முதல் மழைத்தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுவது உத்தமம். காரமும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

காக்கை என்றதும் அரசங்கன்று. பழம் தின்ற பறவையின் எச்சத்தோடு விதை கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் விழுகிறது. இரண்டு இலை விடும்போதே பிடுங்கினால் முழு வேரோடு வரும். ஒரு சாண் வளர்ந்த பிறகு பிடுங்கினால் தண்டு கையோடு வந்துவிடும். உள்ளே ஈரத்தைத் தேடிப் போன வேர் அப்படியே இருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அரச மரத்தைப் பிடுங்கக்கூடாது என்று என் அத்தை ஓர் ஆண்டு தடுத்துவிட்டார். மறுஆண்டு பிடுங்கியபோது தண்டு மட்டும்தான் வந்தது.

சென்ற தையில் மூலையைக் கொத்தி அடைத்தோம். ஐப்பசி முழுவதும் விசிறிக் கொக்கியின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்திருந்தேன். ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. கார்த்திகை இரண்டாம் வாரத்தில் மாடிப்படிச் சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் பூத்தது. மேலே போய்ப் பார்த்தேன். அந்த அரசங்கன்று நின்ற வெடிப்பு. வேர் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது, சுவர் காய்ந்ததும் தையில் கொத்திப் பார்த்தால்தான் தெரியும்.