கூத்துக் கசெற்றைத் திரும்ப உயிர்ப்பித்தல்

பழைய வீடியோக் கசெற்றின் சின்னக் கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள். நாடாச் சுருளின் மேல் மாத்தூள் தூவியதுபோல வெள்ளையாக ஏதும் தெரிந்தால், தயவுசெய்து அதை டெக்கில், அதாவது கசெற்றை ஓட்டும் கருவியில், போட்டுவிடாதீர்கள். அது பூஞ்சணம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் மட்டக்களப்பில் முப்பது வருடம் அலுமாரிக்குள் கிடந்த கசெற்றில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அப்படியே ஓட்டினால் ஒட்டிக்கிடக்கும் நாடா அறும், டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கசெற்றுக்கும் பரவும்.

கல்லடியில் மாமா வைத்திருந்த வீஎச்எஸ் கசெற்றும் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊர் வடமோடிக் கூத்து அரங்கேற்றம் அதில் இருக்கிறது. விடிய விடிய ஆடிய கூத்தில் 3 மணி நேரத்துக்கு மட்டும்தான் நாடா இருந்திருக்கிறது. மத்தளத்தோடு நிற்கும், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் இன்று இல்லை. அவர் ஆட்டுவித்த வேறு கூத்து எதுவும் படமாக எங்களிடம் இல்லை.

சிலிக்கா ஜெல் பொதிகளோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து தூளாகிவிடும். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே இருந்து, தும்பு விடாத துணியால் நாடாவின் இரண்டு பக்கத்தையும் துடைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

இனி, நாடாவில் படம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீற்றர். அது செக்கனுக்கு 23 மில்லிமீற்றர் என்று ஆமை வேகத்தில் நகர்கிறது. படத்துக்கு அந்த வேகம் போதவே போதாது. அதனால் நாடாவை ஓட்டுவதற்குப் பதிலாக ஹெட்டைச் சுழற்றினார்கள். டெக்கைத் திறந்தால் பளபளவென்று சாய்ந்து நிற்கும் உருளை ஒன்று தெரியும். விட்டம் 62 மில்லிமீற்றர், செக்கனுக்கு 25 சுற்று. அதன் விளிம்பில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஹெட்டும் நாடாவின் மேல் செக்கனுக்கு ஏறத்தாழ 4.85 மீற்றர் வேகத்தில் சாய்கோடுகளாக எழுதிக்கொண்டு போகின்றன. நம் நாட்டு டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 வரி. கணக்குப் போட்டால் ஒரு வரிக்கு நாடாவில் கிடைக்கும் நீளம் 0.31 மில்லிமீற்றர்தான்! ஒரு மணல் துகள் போதும், அண்ணாவியாரின் முகத்தில் ஒரு வரி காணாமல் போக.

நாடா கொஞ்சம் இழுபட்டிருந்தாலும், உருளை சற்றே தயங்கினாலும் ஒவ்வொரு வரியும் முன்னே பின்னே தொடங்கும். திரையில் தெரியும் ஒரு வரியின் நேரம் 52 மைக்ரோசெக்கன். ஒரே ஒரு மைக்ரோசெக்கன் பிசகினால் அந்த வரி திரை அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். கூத்தாடும் களரியைச் சுற்றி நட்ட கம்புகள் பாம்பாக நெளிந்தது இதனால்தான். டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் பிடித்துவைத்து, சரியான நேரத்தில் விடுகிறது. அதை இணைத்ததும் கம்புகள் நிமிர்ந்து நின்றன. பழுதுபார்க்கும் வேலையில் பெரும்பகுதி கணினிக்கு வரும் முன்பே, இப்படி நாடா ஓடும்போதே முடிகிறது என்பேன். நல்ல டெக், சுத்தமான ஹெட், இந்தக் கருவி மூன்றும் இல்லாமல் பதிந்ததை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாது. வீஎச்எஸ் டெக் செய்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் டெக் கையில் இருக்கும்போதே பதிந்துகொள்ள வேண்டும்.

நான் மூன்று தடவை ஓட்டி மூன்று பதிவு எடுத்தேன். ஒரு ஓட்டத்தில் வெள்ளைக் கீறலாக வந்த இடம் மற்ற இரண்டிலும் நன்றாக இருக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றில் நடு மதிப்பை எடுத்தால் கீறல்கள் பல மறைந்துவிடும். நாடாவிலேயே காந்தப்பூச்சு உரிந்த இடத்துக்கு இது உதவாது.

கூடைபோல விரிந்த கரப்புடுப்புச் சுழலும் காட்சிகளில் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தது. காரணம், கமரா முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. ஒற்றை வரிகளை ஒரு தடவை, இரட்டை வரிகளைச் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இன்னொரு தடவை எடுக்கிறது. அதற்குள் ஆட்டக்காரர் நகர்ந்துவிடுகிறார். பலர் பாதி வரிகளை எறிந்துவிட்டுச் செக்கனுக்கு 25 படமாக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஒவ்வொரு பாதியையும் அக்கம்பக்கத்துப் படங்களை வைத்து நிரப்பி 50 படமாக்கினால், தாளத்துக்கு விழும் காலடி ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும்.

ஒலிதான் என்னைக் கூடுதலாக வருத்தியது. இந்தக் கசெற்றில் ஒலி நாடாவின் விளிம்பில் ஒரு மெல்லிய தடத்தில், அந்த ஆமை வேகத்திலேயே பதிந்திருக்கிறது. பாட்டுக் கசெற்றின் வேகத்தில் பாதி. “மனே, அந்தச் சல்லரிச் சத்தம் இன்னும் கொஞ்சம் கணீரெண்டு வராதா?” என்று மாமா கேட்டார். அந்த உயர்ந்த ஒலி நாடாவில் ஏறவே இல்லை மாமா என்றேன். இரைச்சலைக் குறைப்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. அன்று ஜெனரேட்டரில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அதன் உறுமல் 50 ஹேர்ட்ஸில் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குகிறது. அந்த இடத்தை அகலமாக வெட்டினால் மத்தளத்தின் ‘தோம்’ சேர்ந்து போய்விடும். உறுமலைத் தொடர்ந்து நகரும் ஒடுக்கமான வடிகட்டியைப் போட்டு, மிச்சத்தை அப்படியே விட்டேன்.

கடைசியாக, செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கியும் பார்த்தேன். தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகத்துக்கு இதில் இருப்பது இருபது புள்ளிதான். மென்பொருள் அதில் கண், மூக்கு, பல் எல்லாம் தெளிவாக வரைந்து தந்தது. மாமி பார்த்துவிட்டு, “இது ஆரு மனே?” என்றார். மங்கலான மூலப் படத்தைக் காட்டியதும் உடனே பெயர் சொன்னார், தலையைச் சரிக்கும் விதத்தை வைத்தே.

பெரிதாக்கியதை அழித்துவிட்டேன். மூலப் பதிவை இழப்பில்லாத வடிவில் இரண்டு வன்தட்டில் வைத்திருக்கிறேன், ஒன்று மாமா வீட்டில். பக்கப்பாட்டுக்கு நிற்கும் ஆறு பேரில் ஐந்து பேரின் பெயரை மாமி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஆறாவது ஆளின் படத்தை நிறுத்திவைத்து ஊரில் வயதானவர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.