நெபுலைசர்ல வர்ற புகை ஆவி இல்லைங்க

நெபுலைசர்னா மருந்த பொடித் துளியாக்கி மூச்சு வழியா குடுக்கற மெஷின். அது ஓடும்போது அந்த மருந்து கப்ப தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும். நிறைய பேர் அத ஆவி புடிக்கற மெஷின் மாதிரி நெனைக்கறாங்க, ஆனா சாதாரணமா வீட்டுல வெக்கற கம்ப்ரெஸ்ஸர் மெஷின் மருந்த சூடே பண்றதில்ல. அது காத்த அழுத்தி ட்யூப்ல அனுப்புது, கப்புக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டை வழியா காத்து பிச்சிக்கிட்டு வர்றப்ப அங்க அழுத்தம் கொறஞ்சு மருந்து மேல இழுபட்டு துளித்துளியா செதறுது, பெரிய துளி உள்ள இருக்கற தடுப்புல மோதி திரும்ப கப்புலயே விழுந்துடும், பொடிசு மட்டும்தான் வெளிய வரும்.

இந்த சைஸ்தான் மேட்டரே. துளி 1ல இருந்து 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும் இருந்தா நுரையீரலோட சின்னக் குழாய் வரைக்கும் போகும், அதவிட பெருசுன்னா பெரும்பாலும் தொண்டையிலயே ஒட்டிக்கும். ஆஸ்துமா வர்றப்ப அந்தக் குழாய சுத்தி இருக்கற தசை இறுகி, உள்சுவரும் வீங்கி, சளியும் சேந்துக்கும். கணக்குப்படி குழாயோட விட்டம் பாதியா சுருங்குனா காத்து போக எதிர்ப்பு 2 மடங்கு இல்ல, 16 மடங்கு ஏறும்! கொழந்தைக்கு குழாயே சின்னது, அதான் சளி புடிச்ச ராத்திரியே இழுக்க ஆரம்பிச்சுடுது.

நெபுலைசர்ல வெக்கற சால்பியூட்டமால்ங்கற மருந்து அந்த இறுகுன தசைய தளத்தும், சில நிமிஷத்துலயே தெரியும், 4லருந்து 6 மணி நேரம் நிக்கும், கை லேசா நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். ஆனா வீக்கத்த அது தொடாது. அதுக்கு பியூடசோனைட் மாதிரி ஸ்டீராய்டு, அது மெதுவா நாள்கணக்குல வேலை செய்யும், அதனால இழுப்பு இல்லையேன்னு நாமளா நிறுத்திடக் கூடாது. அது குடுத்ததும் வாய கொப்பளிக்க வெச்சு மாஸ்க் பட்ட எடத்த தொடச்சு விடணும், இல்லேன்னா வாயில பூஞ்சை வரலாம்.

கொழந்த அழுவுதுன்னு மாஸ்க்க மூஞ்சிக்கு முன்னாடி தள்ளிப் புடிச்சு புகை காட்டறது சுத்த வேஸ்ட், கொஞ்சம் இடைவெளி விட்டாலே மருந்து பெரும்பாலும் காத்தோட போயிடும். அழுதாலும் அப்படித்தான், நீளமா கத்திட்டு வெடுக்குனு இழுக்கறதுல துளி தொண்டையிலயே மோதிடுது. மடியில நிமித்தி உக்கார வெச்சு, மொபைல்ல ஏதாவது போட்டு விட்டாவது (இதுக்கு மட்டும் நான் மொபைலுக்கு ஓகே) அமைதியாக்கி மாஸ்க்க ஒட்டி வெக்கறதுதான் பலன்.

கப்பையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவி காய விடுங்க, ஈரத்துல கிருமி வளரும்.

விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுக்குது, பேச முடியல, ஒதடு நீலமாகுது, இல்ல குடுத்த மருந்து 4 மணி நேரம் கூட தாங்கலன்னா வீட்டுலயே திரும்பத் திரும்ப வெச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.